கொடை, மானியம், ஒப்புதல்: நகராண்மையின் பணப்பை யார் கையில் இருந்தது?

சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில் டான் கிம் செங் நீரூற்று நிற்கிறது. இந்நகரின் குடிநீருக்கென 13,000 வெள்ளி வழங்கிய ஒரு வணிகரின் நினைவாக, நகராண்மை ஆணையர்கள் 1882ஆம் ஆண்டில் அதனை எழுப்பினர். அவர் அத்தொகையை வழங்க முன்வந்ததோ 1857ஆம் ஆண்டில். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் கொடையாளர் காலமாகிவிட்டார். அரசு ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டது. இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்னும் வினாவே இவ்வுரையின் தொடக்கம். ஒரு நகர மன்றத்திற்கு வரும் பணம் எவ்வழியில் வருகிறது, அதனைச் செலவிட யார் ஒப்ப வேண்டும், அக்கணக்கை யார் படிக்க முடிகிறது என்னும் மூன்றையும் சிங்கப்பூரின் நூறாண்டு வரலாற்றைக் கொண்டு நாம் இங்கு ஆராய்வோம். அதே சட்ட வேரிலிருந்து கிளைத்த பினாங்கையும் இறுதியில் ஒப்பு நோக்குவோம்.

1. மூன்று சொற்கள்

நகர மன்றம் ஒன்றின் வரவை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வரியும் கட்டணமும். இவை மக்கள் கடமையாகச் செலுத்துவன. இரண்டாவது மானியம், இது மேலுள்ள அரசு கீழுள்ள மன்றத்திற்கு வழங்குவது. மூன்றாவது நன்கொடை, இது தனியார் தம் விருப்பத்தால் தருவது.

மானியம் என்னும் சொல் நம் மொழியில் நீண்ட வரலாறு உடையது. கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்வோருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தையும் அச்சொல் குறித்தது. இன்று அரசு வழங்கும் உதவித்தொகைக்கு அதுவே பெயராயிற்று. பொருள் மாறிய போதும் ஓர் உறவு மாறவில்லை. மானியம் தருபவர் மேலே இருக்கிறார். பெறுபவர் கீழே இருக்கிறார். தருபவர் நினைத்தால் நிறுத்தலாம். நன்கொடையில் அத்தகைய அதிகார உறவு வெளிப்படையாக இல்லை. ஆயினும் கொடுப்பவரின் விருப்பம் அதில் உண்டு. இன்ன பணிக்கு என்று சொல்லியே அவர் கொடுக்கிறார். வரியில் மட்டுமே செலுத்துபவர் கணக்குக் கேட்கும் உரிமையோடு நிற்கிறார். அவ்வுரிமை ஏட்டில் இருக்கிறதா, நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு வினா.

இம்மூன்று வகைப் பணமும் ஒரே பணப்பையில் வந்து சேர்ந்த பின், அதனைத் திறக்கும் சாவியாக இருப்பது ஒப்புதல். அச்சாவி சிங்கப்பூரில் யார் கைகளில் மாறி மாறி இருந்தது என்பதை இனிக் காண்போம்.

2. சுங்கமில்லாத் துறைமுகம்

1819இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர்க் குடியேற்றம், சுங்கவரி இல்லாத் துறைமுகமாக வளர்ந்தது. வணிகர்க்கு அது பெரும் வாய்ப்பு. நகருக்கு அது பெரும் சிக்கல். கப்பல் சரக்கின் மீது வரி இல்லையெனில் சாலைக்கும் சாக்கடைக்கும் காவலுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

முதல் விடை தனியார் கொடையாகவே அமைந்தது. 1820களின் தொடக்கத்தில் இரவுக் காவலர்களை அமர்த்த வணிகர்கள் தமக்குள் மாதந்தோறும் பணம் திரட்டினர். ஆக, இந்நகரின் பொதுப்பணிகளுள் மிகப் பழையதாகிய காவற்பணியே நன்கொடையில் தொடங்கிற்று எனலாம். அபின், சாராயம் முதலியவற்றை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு வருவாய் ஈட்டியது. பின்னர் வீடுகளின் மீது மதிப்பீட்டு வரி விதிக்கப்பட்டது. எனினும் பெரிய செலவு எதற்கும் ஒப்புதல் தொலைவிலிருந்தே வர வேண்டியிருந்தது. 1830க்குப் பின் நீரிணைக் குடியேற்றங்களை வங்காளத்திலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டது. ஒரு கோரிக்கை கல்கத்தாவிற்குச் சென்று விடையோடு திரும்புவதற்குள் பருவம் மாறிவிடும். வருவாய் குறைந்த ஒரு சிறு குடியேற்றத்திற்காகச் செலவிட அங்கிருந்தோர்க்கு ஆர்வமும் இல்லை.

கணக்கெழுதும் நாணயத்திலும் இத்தொலைவு தெரிந்தது. கம்பெனியின் அலுவலகக் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது. கடைவீதியின் வணிகமோ வெள்ளியில் நடந்தது. ஆள்வோரும் வணிகரும் வெவ்வேறு நாணயத்தில் சிந்தித்தனர்.

3. அடைத்த கடைகளும் கிடைத்த கொடையும்

1856ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டத் தொகுதி இந்நிலையை மாற்ற முயன்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று குடியேற்றங்களிலும் நகராண்மை ஆணையர்களை அமைக்கவும் வரி வசூலிக்கவும் அது வழிவகுத்தது. ஆணையர்களுள் பெரும்பான்மையினரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கலாயினர். வாக்குரிமை வரித்தொகையைப் பொறுத்தது. ஆகவே கூலியாள் எவருக்கும் அதில் இடமில்லை. ஆயினும் பணம் தருபவர் பணத்தை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் கொள்கை முதன்முறையாகச் சட்டத்தில் இடம்பெற்றது.

அச்சட்டத்தை நகரம் எவ்வாறு வரவேற்றது? 1857 ஜனவரி 2ஆம் நாள் சீன வணிகர்கள் தம் கடைகளை அடைத்தனர். புதிய நகராண்மைச் சட்டமும் காவல் சட்டமும் தம்மை எவ்வாறு தாக்குமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பொருள் மக்களுக்கு அவரவர் மொழியில் முறையாக விளக்கப்படாததே அக்கலக்கத்தின் வேர் என அக்காலத்திலேயே பலர் கருதினர். நம்மைப் போன்ற மொழி ஆர்வலர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இது. வரி கேட்கும் அரசு, அவ்வரி எதற்கு என்பதை வரி தருபவரின் மொழியில் சொல்லவில்லை. சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது.

அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில்தான் டான் கிம் செங் தம் கொடையை அறிவித்தார். மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் பெரும் வணிகராக உயர்ந்தவர் அவர். கிணற்று நீரையும் வண்டியில் வரும் நீரையும் நம்பியிருந்த நகரத்திற்கு நல்ல நீரைக் கொண்டு வருவதற்கென அவர் 13,000 வெள்ளி தந்தார். தனி ஒருவர் தருவதற்கு அது மிகப் பெரிய தொகை. அணை, குழாய், நீரேற்றும் எந்திரம் ஆகிய அனைத்தையும் முடிக்க அது போதாத தொகை. மீதிப் பணத்தை நகராண்மை தர வேண்டுமா, அரசு தர வேண்டுமா என்னும் சிக்கலுக்குக் கொடை விடை தரவில்லை. பொறியாளர்களின் திட்டங்கள் பிழைத்தன. கொடைத் தொகையும் அவற்றிலேயே வீணாகக் கரைந்தது எனப் பழைய வரலாற்றாசிரியர்கள் குறை கூறியுள்ளனர். டான் கிம் செங் 1864இல் காலமானார். நீர்த்தேக்கம் 1860களின் இறுதியில் உருவானது. ஆனால் நீரை நகருக்குள் செலுத்தும் எந்திரமும் குழாய் அமைப்பும் 1870களின் பிற்பகுதி வரை முழுமை பெறவில்லை. இன்று நாம் மெக்ரிச்சி நீர்த்தேக்கம் என அழைப்பது அதுவே. 1890களில் அதனை விரிவாக்கிய நகராண்மைப் பொறியாளரின் பெயரை அது 1922இல் பெற்றது.

இந்நிகழ்வு தரும் பாடம் தெளிவானது. கொடை ஒரு பணியைத் தொடக்கி வைக்கும். ஆண்டுதோறும் அப்பணியைத் தாங்கி நிற்பது வரவு செலவுத் திட்டமே. சியாங் ஹோங் லிம் 1876இல் தந்த 3,000 வெள்ளியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காவல் நிலையத்திற்கு எதிரே இருந்த திடலைப் பொதுப் பூங்காவாக்க அவர் அதனை வழங்கினார். ஹோங் லிம் பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லை குறுகிய பணிக்குக் கொடை போதுமானதாயிற்று. நகர் முழுவதற்கும் நீர் என்னும் பணிக்குத் தொடர் வருவாயும், அதனை ஒதுக்க ஒப்பும் மன்றமும் தேவைப்பட்டன.

4. ஏட்டில் பெயர் பெறாத மானியம்

அந்நாளைய சிங்கப்பூர் பெற்ற பெரிய மானியம் ஒன்று பணமாக வரவில்லை, மனிதராக வந்தது. 1825 முதல் இந்தியாவின் சென்னை, வங்காள, பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்த தண்டனைக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போட்டதும் சதுப்பு நிலத்தை நிரப்பியதும் செங்கல் அறுத்ததும் சுண்ணாம்பு சுட்டதும் அவர்களே. புனித ஆண்ட்ரூ பேராலயமும் இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. அவர்களுள் தமிழர் பலர் இருந்தனர்.

சந்தைக் கூலி கொடுக்க வேண்டியிராத இவ்வுழைப்பே, குறைந்த வரியில் ஒரு நகரம் எழ உதவியது. வரி உயர்வை எதிர்த்த வணிகரும் கல்கத்தாவின் கருமித்தனத்தைக் கண்டித்த செய்தித்தாள்களும் தம் காலடியில் இருந்த சாலைக்கு உண்மையில் யார் விலை கொடுத்தார் என்பதை அரிதாகவே எண்ணினர். நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1ஆம் நாள் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறின. 1873இல் கைதிகள் அமைப்பு கலைக்கப்பட்டது. அதன் பின்னர்ச் சாலைக்கும் துப்புரவுக்கும் கூலி கொடுத்தே ஆள் அமர்த்த வேண்டியதாயிற்று. அப்பணிகளுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் சேர்ந்தனர். நகராண்மையின் கணக்கேட்டில் ‘கூலி’ என்னும் ஒரு வரியாக அவர்கள் நுழைந்தனர். அந்தக் கணக்கேட்டை அவர்கள் படித்திருக்க முடியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அதனை நிறைவேற்றிய ஆணையர்களுக்கு வாக்களித்திருக்கவும் முடியாது. அவர்களிடம் சொத்து இல்லை.

5. ஒப்புதல் ஆளுநரிடம் சென்ற விதம்

1887ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் நகர்ப்பகுதியையும் நாட்டுப்புறப் பகுதியையும் நிர்வாகத்தில் பிரித்தது. ஆளுநரால் அமர்த்தப்பட்டுச் சம்பளம் பெறும் தலைவர் ஒருவரின் கீழ் நகராண்மை இயங்கலாயிற்று. அதே 1887இல்தான் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. நகர நிர்வாகம் சீரான அலுவலகமாக உருப்பெற்ற காலமும், நகரச் செய்தியைத் தமிழில் அச்சிட்டுப் படிக்கும் பழக்கம் வேரூன்ற முயன்ற காலமும் ஒன்றே.

நகராண்மையின் பணிகள் பெருகின. 1901இல் அது எரிவாயு நிறுவனத்தை வாங்கியது. நீர்த்தேக்கங்கள் பெருகின. கடன் பத்திரங்கள் வழியாகப் பெருந்தொகை திரட்டப்பட்டது. ஆனால் தேர்தலில் வாக்காளர் ஆர்வம் குன்றியது. போட்டியிட முன்வருவோரும் குறைந்தனர். 1913ஆம் ஆண்டின் சட்டம் தேர்தலையே நீக்கியது. ஆணையர் அனைவரையும் ஆளுநர் நியமித்தார். ஆண்டு மதிப்பீடுகளும் அவரது ஒப்புதலுக்கு உட்பட்டன. மக்கள் பயன்படுத்தாத உரிமை எளிதில் பறிபோயிற்று என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை.

நியமன ஆணையர்களின் காலத்தில் பெரும்பணிகள் நடந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் 1927இல் இயங்கத் தொடங்கியது. ஜொகூரில் உள்ள கூனோங் பூலாயிலிருந்து நீர் கொண்டு வரும் திட்டம் நிறைவேறியது. நகர மண்டபம் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற கட்டடம் 1929இல் முடிந்தது. ஆனால் எப்பணி முந்தியது, எப்பணி பிந்தியது என்பதை நோக்குக. பேராசிரியர் சிம்ப்சன் நகரின் சுகாதார நிலை குறித்து 1907இல் வெளியான அறிக்கையில், காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் களம் என எடுத்துக்காட்டினார். அக்குறையை நீக்குவதற்கென சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் உருவானதோ 1927இல். குடியிருந்தவர்க்குக் குரல் இல்லாத ஒரு பணி இருபது ஆண்டுகள் காத்திருந்தது. பணப்பையின் அளவு மட்டும் அதற்குக் காரணமன்று. ஒப்புதல் தரும் அவையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதும் காரணமாகும்.

6. பொற்செங்கோலும் புதிய மன்றமும்

போருக்குப் பின் காற்று மாறியது. 1949இல் நடந்த நகராண்மைத் தேர்தலில் 27 ஆணையர்களுள் 18 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1951 செப்டம்பர் 22ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பட்டயத்தால் சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றது; நகராண்மை ஆணையம் மாநகர மன்றம் ஆயிற்று. அதன் நினைவாக வணிகப் பெருமகன் லோக் வான் தோ பொன்னால் ஆன செங்கோல் ஒன்றை மன்றத்திற்குப் பரிசளித்தார்.

1957 டிசம்பரில் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. மக்கள் செயல் கட்சி 13 இடங்களை வென்றது. ஓங் எங் குவான் மேயரானார். புதிய மன்றம் அச்செங்கோலைக் காலனித்துவத்தின் எச்சம் எனக் கருதிப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. ஒரு கொடை, கொடையாளரின் எண்ணத்தையும் கடந்த பொருளைப் பெற்றுவிட முடியும் என்பதற்கு இது சான்று. நகரின் பெருமைக்கெனத் தரப்பட்டதை, அந்நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அடிமைத்தனத்தின் அடையாளமாகப் படித்தது. பெற்ற கொடையைப் பயன்படுத்துவதா, விலக்குவதா என முடிவு செய்யும் உரிமை பெறுபவரான மன்றத்திற்கு உண்டு என்பதையும் அந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

அம்மன்றத்தின் ஆயுள் குறுகியது. அரசுக்கும் மன்றத்திற்கும் இடையே பிணக்கு முற்றியது. நிர்வாகம் குறித்த குற்றச்சாட்டுகளை ஆராய விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1959 ஏப்ரலில் மேயர் பதவி விலகினார். அவ்வாண்டில் தன்னாட்சி மலர்ந்த பின் மன்றத்தின் பணிகளை அரசே ஏற்றது. நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை நடத்த 1963 மே மாதம் பொதுப் பயனீட்டுக் கழகம் நிறுவப்பட்டது. 1856இல் தொடங்கிய தனி நகராண்மைப் பணப்பை நாட்டின் பொதுப் பணப்பையோடு கலந்தது. நகரமும் நாடும் ஒன்றேயாகிய தீவில் அது இயல்பு எனலாம். எனினும், குடியிருப்புப் பகுதிகளின் பராமரிப்புக்கு நகர மன்றச் சட்டம் 1988இல் மீண்டும் தனிக் கணக்கை உருவாக்கியது. குடியிருப்பாளரின் கட்டணமும் அரசு மானியமும் அதில் சேர்கின்றன. ஆண்டுக் கணக்கு தணிக்கைக்கு உட்படுகிறது.

7. அதே வேரின் இன்னொரு கிளை

1856ஆம் ஆண்டின் சட்டம் பினாங்குக்கும் உரியது என்றோம். சிங்கப்பூரைப் போலவே ஜார்ஜ் டவுனும் 1913இல் தேர்தலை இழந்தது. 1951இல் அங்குத் தேர்தல் மீண்டது. 1957 ஜனவரி 1ஆம் நாள் அது மாநகரமாயிற்று. அதன் மேயராக டி. எஸ். இராமநாதன் பொறுப்பேற்றார். வாக்கற்ற கூலியாக நகராண்மை ஏட்டில் நுழைந்த சமூகத்தின் ஒருவர், நூறாண்டுக்குப் பின் அவ்வேட்டை நிறைவேற்றும் அவைக்குத் தலைமை தாங்கினார்.

1965இல், இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையைக் காரணங்காட்டி மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஜார்ஜ் டவுன் மன்றத்தின் பொறுப்பை 1966இல் மாநில அரசு ஏற்றது. உள்ளாட்சிகளின் செயல்பாட்டை ஆராய அமைந்த அரச ஆணையத்திற்கு ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என அவ்வாணையம் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மன்ற உறுப்பினரை மாநில அரசு நியமிக்கும் முறையை வகுத்தது. மன்றத்தின் வருவாய் எவை என அச்சட்டம் பட்டியலிடும் பிரிவில் வரி, வாடகை, உரிமக் கட்டணம், வட்டி ஆகியவற்றோடு, அரசிடமிருந்தோ பிறரிடமிருந்தோ வரும் மானியமும் நன்கொடையும் அறக்கொடையும் இடம்பெறுகின்றன. ஆண்டு மதிப்பீட்டை மன்றம் சிறப்புக் கூட்டத்தில் ஏற்றாலும் மாநில அரசின் ஒப்புதல் அதற்கு வேண்டும்.

8. நிறைவாக

இரு நகரங்களின் வரலாற்றையும் ஒருசேர நோக்கும்போது ஒன்று புலனாகிறது. பணம் கொடையாக வந்தாலும் மானியமாக வந்தாலும் வரியாக வந்தாலும், அது பொதுப்பணமாவது பொதுமக்கள் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய கணக்கில் ஏறிய பின்னரே. டான் கிம் செங்கின் கொடையில் நேர்மை குறையவில்லை; அதனைப் பணியாக மாற்றும் முறையில்தான் குறை இருந்தது. கைதிகளின் உழைப்பில் குறையில்லை. அதன் மதிப்பு கணக்கில் பேசப்படாமற் போனதுதான் குறை. 1857இல் கடைகளை அடைத்தவர்களுக்கு அறிவு குறைவில்லை. அவர்களது மொழியில் விளக்கம் இல்லை என்பதே குறை.

ஆதலின், மொழி கற்பிப்போராகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பணி காத்திருக்கிறது. ஒதுக்கீடு, மதிப்பீடு, துணை மதிப்பீடு, மானியம், தணிக்கை, உபரி, பற்றாக்குறை ஆகிய சொற்கள் அகராதியில் உறங்குவதற்கு உரியன அல்ல. உயர்நிலை மாணவர் கையில் அவர் வாழும் பகுதியின் நகர மன்ற ஆண்டறிக்கை ஒன்றைக் கொடுக்கலாம். எவ்வளவு பணம் கட்டணமாக வந்தது, எவ்வளவு மானியமாக வந்தது, செலவுக்கு ஒப்பியவர் யார், தணிக்கை செய்தவர் யார் என்பவற்றைக் கண்டறிந்து ஒரு பக்கத் தமிழில் எழுதச் சொல்லலாம். எழுதியதை வீட்டில் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் படித்துக் காட்டச் சொல்லலாம். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு மாணவரால் தமிழிலேயே விடை சொல்ல முடிந்தால், கணக்கைத் தம் மொழியில் அறியும் உரிமை அவ்வீட்டிலேனும் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.